செத்த போனில் தெரியும் சிவப்புக் கோடு

வாத்தும் போனும் மனுசரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், வாத்து மேய்க்கிற கலியமூர்த்திக்கும் அவன் மனைவி தையல்நாயகிக்கும் சேர்த்து ஒரே ஒரு போன் இருந்தது. போன் பேசும் என்றால், போன் வழியாக இன்னொருவர் பேசுவதைச் சொல்லவில்லை. போனே பேசும். "அக்கா, வெயில்ல வைக்காத, முதுகு சுடுது" என்று சொல்லும். நம்ப மாட்டீர்கள், தெரியும். முதலில் கேளுங்கள், நம்புவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்துப் போன் ஒரு சின்னக் குடித்தனம். உள்ளே எல்லாருக்கும் சோறு போடுகிறவள் பேட்டரி. அவளை எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றங்கரை டீக்கடையில் சார்ஜ் போட்டுக் கொண்டுவருவது கலியமூர்த்தி. அதைப் பானையில் கொட்டிவைத்துப் பரிமாறுவது அண்ணி. அப்போது சாப்பிட இரண்டே பேர். ஒருவன் மணி. யாராவது கூப்பிட்டால் அடிப்பான், மற்ற நேரம் தூங்குவான். இன்னொருத்தி குரல். வீட்டுச் சேதியை வெளியே சொல்வது அவள் வேலை. இரண்டு பேருக்கு என்ன பெரிய சாப்பாடு? பானை ஒரு தடவை நிறைந்தால், ஒரு ஊர் வயலை மேய்த்து முடித்து அடுத்த ஊருக்கு வாத்தை ஓட்டும்வரை காணும். அண்ணி பாதி நாள் காலை நீட்டிப் படுத்திருப்பாள். குரல் வெளியே எட்டிப் பார்த்து, கருமூக்கியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள்.

கருமூக்கி அந்த மந்தையிலேயே வயதான வாத்து. அவள் திரும்பினால் மந்தையே திரும்பும். நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். கலியமூர்த்தியே அவளிடம் வாய் கொடுக்கப் பயப்படுவான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்துக்கு ஒவ்வொருவராக விருந்தாளிகள் வந்தார்கள். முதலில் வந்தவன் டார்ச். கூடாரத்துக்குள் பாம்பு புகுந்துவிட்டது என்று தையல்நாயகி அலறியதில் கலியமூர்த்தி அவனைக் கூட்டிவந்தான். நியாயமான காரணம்தான், குறை சொல்ல முடியாது.

அடுத்தது கேமரா. அவளை வரவழைத்தது கருமூக்கி.

"என் மூக்கு கருப்பு கருப்புன்னு ஊரே சொல்லுது. நான் ஒரு நாளு பாத்ததில்ல. தண்ணியில பாத்தா ஆடுது" என்றாள்.

கேமரா வந்ததும் கருமூக்கி தன் மூக்கைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "கருப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் மற்ற வாத்துகள் விடுமா? வரிசையில் நின்று ஒவ்வொன்றும் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டது. அவற்றுக்கெல்லாம் மஞ்சள் மூக்கு. அதையே மறுநாளும் வந்து பார்த்தன.

பிறகு மேப் வந்தான். எந்த ஊரில் அறுவடை முடிந்திருக்கிறது, எந்த வழியாக வாத்தை ஓட்டலாம் என்று கலியமூர்த்திக்குச் சொல்ல வந்தவன். நல்ல பையன். அவனுக்கு ஒரே ஒரு வியாதி. நின்ற இடத்தில் நின்றுகொண்டே, "இப்ப எங்க இருக்கோம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். கேட்கிற ஒவ்வொரு தடவையும் அவனுக்கு ஒரு வாய் வேண்டும்.

கடைசியாக வந்தது வீடியோ. தையல்நாயகியின் பெண் குழந்தை அப்போதுதான் சோறு தின்னப் பழகுகிற பருவம். ஒரு நாள் வாயைத் திறக்காமல் அழிச்சாட்டியம் செய்தது என்று வீடியோவைக் கூப்பிட்டார்கள். அதோடு சரி, வீடியோ இல்லாமல் ஒரு கவளம் உள்ளே போவதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படித்தானே?

வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று, "எனக்கு ஒரு வாய் போதும் அண்ணி" என்றுதான் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. ஒரு வாய்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை, அண்ணியும் கேட்கவில்லை. ஊர் விட்டு ஊர் போகும்வரை வந்த பானை, இப்போது பொழுது சாய்வதற்குள் அடி தட்டியது. பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்புகிற குணம் அண்ணிக்கு இல்லை.

அந்தச் சமயம் அவர்கள் ஆற்றுக்கு நடுவில் ஒரு மணல் திட்டில் கூடாரம் போட்டிருந்தார்கள். சுற்றிலும் கணுக்கால் அளவு தண்ணீர். நத்தையும் பொடிமீனும் ஏராளம். வாத்துகள் தலையைத் தூக்காமல் மேய்ந்தன. ஒரு காலைப் பொழுதில் கலியமூர்த்தி முட்டைக் கூடையோடு டவுனுக்குக் கிளம்பினான். தையல்நாயகி உலையில் போட அரிசி களையப் போனாள். களைவதற்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தகர டப்பாவில் போட்டாள்.

உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணி குரலிடம் கேட்கச் சொன்னாள். குரல் கேட்டாள்: "அது எதுக்குக்கா தெனமும் ஒரு பிடி?"

"இல்லன்னு ஆவுற அன்னிக்கு" என்றாள் தையல்நாயகி.

கலியமூர்த்தி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "தையலு, நல்லா கேட்டுக்க. மேல மழ பேயுதாம். தண்ணி தொறக்கறதா இருந்தா லஸ்கர் போன் பண்றேன்னு சொல்லியிருக்காரு. போன் வந்தா எல்லாத்தயும் வாரிக்கிட்டு கரைக்கு வந்துரு. வரலன்னா இங்கயே இரு. மேய்ச்சல விட்டுப் போவ வேணாம்" என்றான். மதகைத் திறந்து மூடுகிற ஆளை அந்தப் பக்கம் லஸ்கர் என்பார்கள். இந்த லஸ்கர் பெயர் சிங்காரவேலு. சொன்னால் சொன்னபடி செய்கிறவர்.

"போன் வந்தா கெளம்பறேன், வரலன்னா இருக்கேன். போயிட்டு வாங்க" என்றாள் அவள்.

அவ்வளவுதான் ஏற்பாடு. மந்தை, கூடாரம், கைக்குழந்தை, எல்லாம் அந்த ஒரு போனை நம்பி மணலில் இருந்தது.

காலையில் வாத்துகள் மூக்கு பார்க்க வந்தன. வெயில் ஏற ஏறத் திரையில் ஒன்றும் தெரியவில்லை என்று தையல்நாயகி வெளிச்சத்தைக் கூட்டினாள். மத்தியானம் குழந்தைக்குச் சோறு. வீடியோ ஓடியது. மேப் நடுநடுவே எழுந்து, "இப்ப எங்க இருக்கோம்?" என்றான். "காலையில இருந்த எடத்துலதான்டா" என்றான் டார்ச். அவன் மட்டும் பகலில் சாப்பிடுவதில்லை.

அண்ணி பானைக்குள் கரண்டியை விட்டாள். டங் என்று அடியில் இடித்தது.

"குரலு, அக்காகிட்டச் சொல்லிடு. தீரப் போவுது" என்றாள்.

குரல் எட்டிப் பார்த்தாள். குழந்தை வீடியோவைப் பார்த்தபடி வாயைத் திறந்து வைத்திருந்தது. தையல்நாயகி அசையாமல் சோற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் புள்ள வாயத் தொறக்குது அண்ணி. நடுவுல பூந்து நான் பேசுனா மூடிக்கும். இந்த வீடியோ முடியட்டும், சொல்லிடறேன்."

அந்த வீடியோ முடிந்தது. குரல் வாயெடுப்பதற்குள் அடுத்தது தானாகத் தொடங்கிவிட்டது. சரி, இது முடியட்டும் என்று இருந்தாள். அதுவும் முடிந்து அடுத்தது வந்தது. மரியாதை தெரிந்தவள் குரல், பேச்சுக்கு நடுவே புகத் தெரியாதவள். குழந்தை தின்று முடித்துத் தூங்கிப்போனது. தையல்நாயகி வீடியோவை நிறுத்தினாள். அப்பாடா என்று குரல் வாயைத் திறக்கிற நேரத்தில் மேப் எழுந்து, "இப்ப எங்க இருக்கோம்?" என்றான்.

அதுதான் கடைசி வாய். பானை காலி. அண்ணி சாய்ந்தாள், அவளோடு எல்லாரும் சாய்ந்தார்கள். திரை இருண்டது.

தையல்நாயகிக்கு என்ன தெரியும்? நிறுத்தினால் திரை இருளும், அது வழக்கம்தான். போனை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வேலைக்கு நடுவே எடுத்து எடுத்துப் பார்த்தாள். கருப்பாக, சத்தம் காட்டாமல் இருந்தது. போன் வரவில்லை, அப்படியானால் தண்ணீர் திறக்கவில்லை. நிம்மதியாகக் குழந்தையின் துணியை அலசிக் காயப்போட்டாள்.

அங்கே மதகடியில் லஸ்கர் சிங்காரவேலு போன் போட்டுக்கொண்டே இருந்தார். போகவில்லை. போனை அணைத்துவிட்டுக் கரையில் படுத்திருக்கிறார்கள் போல என்று அவர் நினைத்துக்கொண்டார். மேலே தண்ணீர் தளும்பியது. இனி நிறுத்திவைக்க முடியாது என்று ஷட்டரை ஏற்றினார்.

வெயில் தாழ்கிற நேரம். மேய்ந்துகொண்டிருந்த கருமூக்கி கழுத்தை நீட்டி நின்றாள்.

"தையலு, தண்ணி வாசன மாறுது. கரைக்குப் போவலாம்."

தையல்நாயகி போனை எடுத்துப் பார்த்தாள். "லஸ்கர் போன் பண்ணலியே."

"போனுக்குக் காலு இருக்கா, தண்ணியில நின்னு பாக்க?"

"சும்மா இரு. அவுரு சொல்லிட்டுப் போயிருக்காரு, போன் வரலன்னா இங்கயே இருன்னு."

கருமூக்கி முனகிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். வளைவில் மணல் நிறத்தில் தண்ணீர் தலை தெரிந்தது. அதற்குப் பிறகு பேச நேரமில்லை. தையல்நாயகி குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்து ஓடினாள். முழங்கால், தொடை, இடுப்பு என்று ஏறியது. கூடாரம் போனது. சோற்றுப் பானை போனது. பிடி அரிசி டப்பா மிதந்துகொண்டே போனது. கரையின் நாணல் கைக்குக் கிடைத்தபோது அவளுக்கு அழக்கூட மூச்சு இல்லை.

வாத்துக்கு வெள்ளம் ஒன்றும் புதிதில்லை. ஆனால் குஞ்சுகள் இருந்தனவே. கருமூக்கி அவற்றைக் கரைப்பக்கம் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். கடைசிக் குஞ்சு நாணலில் ஏறியதைத் தையல்நாயகி பார்த்தாள். அதற்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை.

கலியமூர்த்தி பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து, பெண்டாட்டியையும் பிள்ளையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு கரையோடு வெகுதூரம் நடந்து மந்தையில் பாதியைத் திரட்டி ஓட்டிவந்தான். கருமூக்கி அதில் இல்லை.

டீக்கடையில் போனைத் துடைத்துக் காயவைத்துச் சார்ஜ் போட்டார்கள். அண்ணி கண் விழித்தாள், எல்லாரும் விழித்தார்கள். மேப் விழித்ததும் முதல் வேலையாக, "இப்ப எங்க இருக்கோம்?" என்றான். லஸ்கர் கூப்பிட்ட சேதி ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. மணி தலையைக் குனிந்துகொண்டான்.

தையல்நாயகி போனைக் கையில் எடுத்தாள். வீசி எறியப் போகிறாள் என்று குரல் பயந்தாள். அவள் எறியவில்லை.

"தீந்து போனதுக்கு நான் கோவிக்கல. பொழுது சாஞ்சா எனக்கும்தான் தீந்து போவுது. செத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒன்ன நம்பி நான் மணல்ல உக்காந்திருக்க மாட்டேன்ல? கருமூக்கி பேச்சக் கேட்டிருப்பேன்ல?"

"செத்தப்புறம் எப்படிக்கா சொல்றது?" என்றாள் குரல்.

அந்தக் கேள்விக்கு எடக்காக ஒரு பதில் சொல்லக் கருமூக்கி அங்கே இல்லை. தையல்நாயகி அப்போதுதான் அழுதாள்.

அண்ணி முதல் தடவையாக, குரல் வழியாக எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். "அக்கா பிடி அரிசி எடுத்து வைக்கிற மாதிரி நானும் எடுத்து வைக்கப் போறேன். யாரு கெஞ்சினாலும் அதுலேந்து ஒரு பருக்கை கெடயாது. நான் காலின்னு சொல்றதுக்கு மட்டும்தான் அது. ஆனா உள்ளதே பத்தல. ஒருத்தர் போனாத்தான் அந்தப் பிடி மிஞ்சும். யார அனுப்பட்டும்க்கா? நீயே சொல்லு."

தையல்நாயகி யோசித்தாள். டார்ச்சை அனுப்பினால் பாம்பு வரும். மேப்பை அனுப்பலாம் என்றால், கலியமூர்த்தி, "அவன் இல்லாம எந்த ஊருக்குன்னு ஓட்டுறது?" என்றான். வீடியோ போனால் குழந்தை பட்டினி கிடக்கும். மணியை அனுப்பினால் அது போனே இல்லை. கேமரா என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கருமூக்கியின் படம் அவளிடம்தான் இருந்தது, மூக்கைப் பார்த்தபடி நிற்கிற படம். தையல்நாயகியால் யாரையும் சொல்ல முடியவில்லை.

"நான் போறேன்" என்றாள் குரல். "சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லாத வாய்க்கு எதுக்குச் சோறு? என் பங்க எடுத்து வச்சுக்கங்க அண்ணி."

"நீ போயிட்டா, காலின்னு யாரு சொல்லுவா?" என்றாள் தையல்நாயகி.

அண்ணி சொன்னாள்: "வாய் எதுக்குக்கா? என் காலிப் பானைய நானே வரைஞ்சு காட்டிட்டுப் போறேன்."

குரல் தையல்நாயகியிடம் ஏதோ சொல்ல வந்தாள். கடைசியில், "பாத்துக்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அன்றோடு போன் தானாகப் பேசுவது நின்றது. இப்போதும் பேசுகிறதே என்று சண்டைக்கு வராதீர்கள். அது நாம் கேட்டதற்குப் பதில். வெயிலில் வைக்காதே, முதுகு சுடுகிறது என்று எந்தப் போனாவது உங்களிடம் சொல்லியிருக்கிறதா?

இன்றும் நீங்கள் செத்த போனை எடுத்துப் பொத்தானை அழுத்துவீர்கள். இருட்டிலிருந்து ஒரு வெறும் பேட்டரிப் படம் எழுந்து வரும், அடியில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. "இதைக் காட்ட மட்டும் சார்ஜ் இருக்கு, ஒரே ஒரு போன் பண்ண இல்லையா?" என்று திட்டுவீர்கள். இருக்கிறது. ஆனால் தர மாட்டாள். மணல் திட்டில் கருப்புத் திரையை நம்பி உட்கார்ந்திருந்தாளே தையல்நாயகி, அன்றிலிருந்துதான், தன்னிடம் ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லவென்றே அண்ணி அந்த ஒரு பிடியை யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்திருக்கிறாள்.