நொச்சி மணக்காத குரல்

காட்டோரத்து மேட்டுக்கு அடியில் ஒரு பெரிய வளை இருந்தது. வெளியே ஒரே வாசல். உள்ளே கிளை கிளையாகப் பாதைகள். ஒவ்வொரு பாதையின் முடிவிலும் ஓர் எலிக் குடும்பம்.

வாசலில் முள்ளம்பன்றி அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். வருகிறவரை யார் எவர் என்று விசாரிப்பார். தெரிந்தவர் என்றால் அன்றைய இலையைக் கசக்கி முதுகில் தடவி உள்ளே அனுப்புவார். ஒருநாள் துளசி, ஒருநாள் நொச்சி, ஒருநாள் தும்பை. விடிந்தால் பழைய வாசனை செல்லாது.

கடைசி அறையில் மினுக்கி இருந்தாள். கண் திறக்காத குஞ்சுகளுக்குத் தாய். தானியம் தேடிப் போன கணவன் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டான். அவள் மட்டும் தன் அறை வாயிலைச் சரளைக்கல்லும் மண்ணும் வைத்து இறுக அடைத்திருந்தாள். யார் வந்தாலும் இடுக்கு வழியாக மோந்து பார்த்துவிட்டுத்தான் திறப்பாள்.

பக்கத்து அறைப் பொன்னிக்கு அது பிடிக்கவில்லை. அவள் அறைக்குக் கதவே கிடையாது.

"ஏண்டி, அண்ணாச்சி பார்த்துத்தானே உள்ளே விட்டார்? நீ வேற மோந்து பார்க்கிற. நான் என்ன திருடியா?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. வாசல்ல பார்த்தது அவர். இங்கே திறக்கிறது நான்தானே?"

"நல்லா இருக்கு. இப்படியே இரு, ஒரு ஈ காக்கா உன்னைத் தேடி வராது."

சொன்னபடியே ஆயிற்று. காலடிச் சத்தங்கள் அன்றைய இலை வாசனையோடு வரும், திரும்பிப் போகும். பேச ஆள் இல்லாமல் மினுக்கி தூங்கும் குஞ்சுகளிடம் பேசினாள். "அப்பா இன்னைக்கு வந்துருவார், பாருங்க."

ஒரு மழை மதியம். மினுக்கியைத் தவிர எலிகளெல்லாம் உறக்கத்தில் இருந்தன. மேட்டின் ஒரு பக்கம் சரிந்து, நடுப்பாதைக்கே நேராக ஓர் ஓட்டை விழுந்தது. அதன் வழியே சாரைப்பாம்பு இறங்கியது. அண்ணாச்சி அப்போதும் வாசலில் கண்கொட்டாமல்தான் காவல் இருந்தார்.

மினுக்கியின் பேச்சு பாம்பின் காதில் விழுந்தது.

"அம்மா, குழந்தைகளோட அப்பா சேதி சொல்லி அனுப்பினார். கதவைத் திறங்க."

மினுக்கி கதவருகே ஓடினாள். கை மண்ணைப் பறிக்கப் போயிற்று. மூக்கு முந்திக்கொண்டது.

"இன்னைக்கு நொச்சி ஆச்சே. உங்ககிட்ட மணக்கலையே?"

"மழையில கழுவிட்டுப் போச்சு."

"அப்போ வாசலுக்குப் போய்த் திரும்பத் தடவிக்கிட்டு வாங்க."

"உள்ளே வந்தவனையா விரட்டுற? சேதி வேண்டாமா?"

"அதைக் கேட்கத்தான் உயிர் போகுது. இருந்தாலும் போய்ட்டு வாங்க."

வெளியே ஏதோ நீளமாக, வெகு நீளமாக உரசிக்கொண்டு திரும்பியது.

"அக்கா, ஓடுங்க!" என்று மினுக்கி கத்தினாள்.

பொன்னி தப்பினாள். அவள் குஞ்சுகளில் ஒன்று தப்பவில்லை. அலறல் கேட்டு அண்ணாச்சி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வந்தபோது பாம்பு ஓட்டை வழியே போய்விட்டிருந்தது.

மறுநாள் காலை இடுக்கருகே ஒரு குரல். "மினுக்கி, நான்தான். உன்னைப் பார்க்கிற அவசரத்துல சரிஞ்ச ஓட்டை வழியா இறங்கிட்டேன்."

கணவனின் குரல்தான். இலை வாசனைதான் இல்லை.

"வாசலுக்குப் போய்ட்டு வாங்க" என்றாள்.

"என்னையுமா?"

"உங்களையும்தான்."

அவன் திரும்பிப் போனான். கோபித்துக்கொண்டு அப்படியே போய்விடுவானோ என்று நினைத்து அவள் கதவோரம் ஒடுங்கிக் கிடந்தாள். குஞ்சுகளிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

வெகுநேரம் கழித்து இடுக்கு வழியே தும்பை மணத்தது. மினுக்கி அழுதுகொண்டே மண்ணைப் பறித்தாள்.

வாசலில் எத்தனை காவல் இருந்தாலும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கதவும் தானே ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும்.