முப்பத்தொன்றாம் நாள்

முன்னொரு காலத்தில், வைகாசி மாதத்தின் கடைசி நாளன்று, ஓர் அரசனின் குதிரைலாயம் காவலின்றிக் கிடந்தது. பட்டத்துக் குதிரை களவு போயிற்று.

அந்த அரசனுக்கு எதுவும் சரிபாதியாக இருக்க வேண்டும். அரண்மனை வேலையாட்கள் எல்லாருக்கும் அரை மாதம் வேலை, அரை மாதம் ஓய்வு என்று அந்த மாதப் பிறப்பன்றுதான் ஆணையிட்டிருந்தான். அரை மாதம் என்றால் பதினைந்து நாள் என்று வகுத்தவர் தளவாய் நல்லபெருமாள். முறை முடிந்தபின் கோட்டைக்குள் நிற்பது குற்றம் என்றும் அவரே சேர்த்தார். வைகாசிக்கு முப்பத்தொரு நாள் என்பதை யாரும் நினைக்கவில்லை.

முதல் பாதிக்காரர்கள் மாதம் பிறந்தால்தான் வருவார்கள். ஆகவே இரண்டாம் பாதிக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அன்றும் நின்றார்கள். லாயக் காவலன் கடம்பன் மட்டும் ஆணையை நம்பினான். மனைவி காய்ச்சலில் கிடந்தாள்; வீட்டுக்குப் போய்விட்டான்.

அவனைத் தூக்கிலிடச் சொன்னான் அரசன். ஆடியில் உயிர் வாங்குவதில்லை என்பது அந்நாட்டு வழக்கம். ஆனி கடைசி நாள் என்று தளவாய் நாள் குறித்தார்.

அரசவை விகடன் சொக்கப்பன் எழுந்தான். கடம்பன்மேல் குற்றமில்லை என்று அதற்குள் காட்டாவிட்டால் தன்னையும் தூக்கிலிடலாம் என்றான்.

"விகடரே, உமக்கும் சேர்த்தே கயிறு திரிக்கச் சொல்கிறேன்" என்றார் தளவாய். "கழுத்தளவை மட்டும் கொடுத்துவிட்டுப் போம்."

"கொடுக்கிறேன். எல்லாம் உங்கள் ஆணைப்படியே நடக்கட்டும், தளவாய். ஒரு நாள் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

சபை சிரித்தது. சொக்கப்பன் சிரிக்கவில்லை. கோட்டை வாசலில் காய்ச்சல் தெளியாத ஒரு பெண் சோற்றுக் கலயத்தோடு நின்றிருந்தாள். அவளைக் கடக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு இரண்டாம் பாதிக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய், போன மாதம் அவர்கள் ஆணையை மீறி நின்றதை நினைவூட்டினான். அவ்வளவுதான்.

அவ்வருடம் ஆனிக்கும் முப்பத்தொரு நாள். கடைசி நாள் விடிந்தது. முரசு ஒலிக்கவில்லை. முகம் கழுவத் தண்ணீர் இல்லை. மடைப்பள்ளி அடுப்பில் பூனை படுத்திருந்தது. அரசன் தனியே நடந்து தூக்குமரத்தடிக்கு வந்தான். முறை வகுக்கப்படாத இருவர், தளவாயும் விகடனும், அங்கே நின்றிருந்தார்கள்.

"தூக்கிலிடுபவன் எங்கே?"

"முறை முடிந்து நேற்றே போய்விட்டான், மகாராஜா. சிறைக்காவலனும் அப்படியே. இந்த நாள் முதல் பாதியிலும் இல்லை, இரண்டாம் பாதியிலும் இல்லை. நின்றால் குற்றம். போனான் என்றுதான் கடம்பனுக்குத் தூக்கு. வேலைக்காரன் எப்படிப் பிழைப்பது என்று தளவாய்தான் சொல்ல வேண்டும்" என்றான் சொக்கப்பன்.



ஆளரவமற்ற அரண்மனையை அரசன் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. இனி முதல் பாதி பதினைந்தாம் நாளோடு முடியும், இரண்டாம் பாதி மாதம் எப்போது முடிகிறதோ அப்போது முடியும் என்றான். தன் முத்துமாலையைக் கழற்றிச் சொக்கப்பன் கழுத்தில் போட்டு, வேறென்ன வேண்டும் என்று கேட்டான்.

சிறையைத் திறக்க ஆளில்லை என்றான் சொக்கப்பன்.

அரசனே சாவியை எடுத்துக்கொண்டு போனான். பூட்டுத் திறந்து பழக்கமில்லை. முதலில் தவறான பக்கம் திருகினான். உள்ளே கடம்பன் எழுந்து நின்றான்.

"நாள் வந்துவிட்டதா? தாங்களே வந்திருக்கிறீர்களே, மகாராஜா?"

"வேறு யாரும் இல்லை, கடம்பா. இன்று என் முறை" என்று சொல்லி அரசன் கதவைத் திறந்தான்.