சடையன் கடையில் வேலைக்குச் சேர்ந்த மைனா

காட்டுக்குள் ஒரு வேங்கை மரத்துக்குப் பக்கத்தில் சடையன் என்ற கரடி தேன் கடை வைத்திருந்தது. சின்னக் கடைதான். சரக்கெல்லாம் அந்த மரத்துத் தேனீக்கள் கொடுப்பது. அவை கோபித்துக்கொண்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதனால் தினமும் காலையில் சடையன் மரத்தடியில் உட்கார்ந்து, "இன்னிக்கு எந்த அடையில தேன் எடுக்கட்டும்மா?" என்று கேட்கும். தேனீக்கள் லேசில் சொல்லிவிடாது. பூ சரியில்லை, காற்று பலம், ராணிக்கு உடம்பு முடியவில்லை என்று ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில்தான் அடை எது என்று காட்டும். சடையனுக்கு இடுப்பு விட்டுப்போகும்.

ஒரு நாள் நரி, பேசப் பழக்கிய ஒரு மைனாவோடு வந்தது. தொழில்நுட்ப ஆலோசகராம்!

"என்னண்ணே, இன்னுமா நேர்ல போய்க் கேக்கறீங்க? அடுத்த காட்டுல சின்னக் கடைங்க எல்லாம் தானியங்கிக்கு மாறியாச்சு. தேனீங்ககிட்ட இந்த மைனாவே கேக்கும், கடைக்கு வர்றவங்களுக்கு இதுவே பதிலும் சொல்லும். ட்ரெண்டே இதுதான். நீங்க நிம்மதியா தூங்கலாம்."

மற்றது எதுவும் சடையனுக்குப் புரியவில்லை. தூங்கலாம் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டியது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் ஆட்டியிருப்பேன். புரியாத பேச்சைக் கேட்டால் என் கழுத்து தானாகவே ஆடும்.

மறுநாள் மைனா மரத்தடிக்குப் போய், "இன்று எந்த அடை?" என்றது.

"கிழக்கு அடையைத் தொடவே கூடாதுன்னு சொல்லு. குஞ்சுங்க இருக்கு. மேற்கே இருக்கறதை எடுத்துக்கட்டும்," என்றது ராணித் தேனீ.

"மிக்க நன்றி. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்," என்றது மைனா. தேனீக்களிடம் பேச அதற்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

"என்ன சொன்னாங்க?" என்று சடையன் கேட்டது.

"உரையாடல் வெற்றிகரமாக முடிந்தது!"

அடேங்கப்பா, வேலை என்றால் இதுவல்லவா வேலை என்று சடையன் பூரித்துப்போனது. பானையோடு மரமேறி, கைக்கு எட்டிய கிழக்கு அடையிலேயே கையை விட்டது.

அப்புறம் என்ன, மூக்கு பூசணிக்காய் ஆனது.

"சொல்லியனுப்பியும் பிள்ளைங்க மேலயே கை வைக்கிறியா? இனிமே இந்த மரமே வேண்டாம், கிளம்புங்க," என்று ராணி தன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தியது.

சடையன் வலியோடு இறங்கி மரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தது.

"திட்டுங்கம்மா, ஆசை தீரத் திட்டுங்க. எவ்வளவு பெரிய தலைன்னு ஊரே பாக்குது. உள்ளே ஒண்ணுமில்லேன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

தேனீக்கள் பொழுது சாயும்வரை திட்டின. சடையன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. குஞ்சுகள் எங்கே இருக்கின்றன, அவற்றுக்கு எவ்வளவு தேன் வேண்டும் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டது. கடைசியில் ராணி, "குஞ்சுங்க பறக்கற வரைக்கும் இருக்கோம். அப்புறம் உன் நடத்தையைப் பார்த்துச் சொல்றோம்," என்றது.

மறுநாளே நரி மறுபடியும் வந்தது. "பதிலைக் கேட்டுக்கற புது மைனா வந்திருக்கு அண்ணே. பழசை மாத்திக்கலாமா?"

"வேண்டாம் தம்பி. கடை எப்போ திறக்கும்னு கேக்கறவங்களுக்கு இந்த மைனா நல்லாத்தான் பதில் சொல்லுது, அது இருக்கட்டும். தேனீங்ககிட்ட நான் போய்க்கறேன்," என்று சொல்லிவிட்டு, சடையன் வீங்கிய மூக்கோடு மரத்தடிக்கு நடந்தது.

பதில் சொல்லும் வேலையைக் கருவியிடம் விடலாம். நம் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் சொல்வதை நாமேதான் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.