கண்டாமணிக்குச் சுருதி சேர்த்த ஊர்

முன்னொரு காலத்தில் வேங்கைப்பதி என்கிற நாட்டைச் சித்திரமௌலி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்று அவருக்குப் பிடித்துவிட்டால், சாயங்காலத்துக்குள் ஊரே அதைக் கொண்டாடியாக வேண்டும்.

அந்த வருஷம் அவருக்குப் பிடித்தது ஒரு கண்டாமணி. புதிதாக வார்த்தது. அடித்தால் கிணீர் என்று காதைக் குத்தும். இனிமேல் நாட்டில் யார் பாடினாலும் இந்த மணியின் ஒலியைச் சுருதியாக வைத்துத்தான் பாட வேண்டும் என்று ராஜா தண்டோரா போட்டுவிட்டார்.

இந்த யோசனையை அவர் காதில் போட்டது அரண்மனை வீணைக்காரர் கேசவராயர். அவருக்கு ஆஸ்தானப் பாடகர் ஏகாம்பரத்தைக் கண்டாலே ஆகாது. ஏகாம்பரம் பாடினால் சபை தலையாட்டும்; இவர் வாசித்தால் சபை வெற்றிலை மடிக்கும்.

சுருதி என்பது பாட்டுக்குத் தரை மாதிரி. அவரவர் தொண்டைக்கு ஏற்ற மட்டத்தில் தரை போட்டுக்கொண்டால்தான் மேலே ஏறவும் கீழே இறங்கவும் இடம் இருக்கும். ஏகாம்பரத்துக்குக் கனத்த குரல். மணியோ அவருடைய தரைக்கு ஓர் ஆள் உயரம் மேலே நின்றது. அது தெரிந்துதான் ராயர் இன்னொன்றும் சொல்லி வைத்தார்: பதினைந்தாம் நாள் ஊஞ்சல் விழாவில் பாடகர் இந்தச் சுருதியில் மேல் பஞ்சமம் என்கிற உச்ச சுரத்தைத் தொட வேண்டும், தொடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். ராஜா சரி என்றார்.

ஏகாம்பரத்தின் மனைவி செங்கமலத்துக்கு ஆறு மாதக் கைக்குழந்தை. குழந்தை அழுகை ஒரு பக்கம், புருஷன் பயிற்சி ஒரு பக்கம். மூன்றாம் நாள் அவர் துப்பிய எச்சிலில் சிவப்பாக ஒரு கோடு. அவர் படிக்கத்தை மறைத்துத்தான் வைத்தார். அவள் கண்ணுக்குத் தப்புமா?

"என்னங்க, போதும். நிறுத்துங்க."

"இன்னும் ரெண்டு சுரம்தான் கமலம். எட்டிடுவேன்."

வேலை போனால் வேறு ஊர் பார்த்துக்கொள்ளலாம். தொண்டை போனால் இந்த மனுஷர் என்ன ஆவார்? மிளகுப் பாலை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். உத்தரவு 'யார் பாடினாலும்' என்றுதானே சொல்கிறது? அப்படியென்றால் நான் பாடினாலும்தானே?

மறுநாள் ராஜா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அரண்மனையை ஒட்டிய மணிக்கூடத்துக்குப் போனாள். பிள்ளைக்குத் தாலாட்டுப் பாட வேண்டும், சுருதி கேட்க வந்தேன் என்றாள். காவலாளி என்ன செய்வான்? உத்தரவாயிற்றே. அடித்தான், கிணீர். அவளுக்குப் பின்னால், அவள் சொல்லிக் கூட்டி வந்த இருபது தாய்மார்கள். அப்புறம் நடவுக்காரிகள், ஏற்றம் இறைக்கிறவர்கள், உரல் குத்துகிறவர்கள். பாதி வழி போனவர்களும் சுருதி மறந்துவிட்டது என்று திரும்பி வந்தார்கள்.

மூன்று நாள் இதே கதை. அந்த உயரத்தில் தாலாட்டைக் கேட்ட பிள்ளைகள் தூங்குவதற்குப் பதில் வீறிட்டன. ஏற்றப்பாட்டில் இறைத்த தண்ணீரைச் சால் சாலாக எண்ணுகிறவனுக்கு முப்பதாவது சாலிலேயே குரல் கம்மி, கணக்கு தப்பியது. மகாராணியும் உத்தரவை மீற முடியாமல் கீச்சுக் குரலில் பாட, இளவரசர் தொட்டிலை உதைத்து ஊரைக் கூட்டினார்.

நாலாம் நாள் ராஜா கண் சிவந்து சபைக்கு வந்து, இதை ஆரம்பித்து வைத்தவளை அழைத்து வரச் சொன்னார்.

"என்மேல் உனக்கு என்னம்மா கோபம்?"

"கோபம் எதுக்கு மகாராஜா? உத்தரவுக்கு அடங்கித்தான் நடக்கிறோம். ஆனா எங்க யாருக்கும் எட்டலை. இளவரசருக்கு நீங்களே ஒரு வரி தாலாட்டிக் காட்டினா, பார்த்துக் கத்துக்குவோம்."

ராஜாவுக்கு அதில் ஆசை வந்துவிட்டது. மணி அடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். முதல் வரி தப்பிப் பிழைத்தது. அடுத்த வரியில் ஏறும்போது, கூவப் பழகும் சேவல் மாதிரி குரல் இரண்டாகப் பிளந்தது. யாரும் சிரிக்கவில்லை. மந்திரிக்கு மட்டும் திடீரென்று மீசையில் ஏதோ வேலை வந்துவிட்டது.

கேசவராயர் குறுக்கே வந்தார். "மகாராஜாவுக்குப் பயிற்சி இல்லை, அவ்வளவுதான். இதே சுருதியில் என் வீணை மேல் பஞ்சமத்தையும் தாண்டிப் போகும்."

"போகும் ஐயா," என்றாள் செங்கமலம். "தந்தி அறுந்தா நீங்க வேற தந்தி மாத்திக்குவீங்க. என் வீட்டுக்காரர் தொண்டை அறுந்தா நான் எந்தக் கடையில போய் மாத்தறது?"

ராஜா கொஞ்ச நேரம் தம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ராயர் பக்கம் திரும்பினார்.

"ராயரே, வீணையைக் கீழே வையும். வாயால் பாடும்."

ராயர் பாடினார். எண்ணெய் காணாத வண்டிச் சக்கரம் மேடேறுவது போல இருந்தது. பாதியிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"நான் நாட்டுக்கு ராஜா. தொண்டைக்கு இல்லை என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்," என்றார் ராஜா. "இனி அவரவர் சுருதியில் அவரவர் பாடுங்கள். ராயரே, நீர் பாடகர் வீட்டுக்கே போய், அவர் குரலைக் கேட்டு உம் தந்திகளை இறக்கிக்கொள்ளும். விழாவில் அவருக்குப் பக்கவாத்தியம் நீர்தான்."

பிறகு செங்கமலத்திடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

"ஏழு நாள் வாயே திறக்கக் கூடாதுன்னு என் வீட்டுக்காரருக்கு ஒரு உத்தரவு போடுங்க மகாராஜா. நான் சொன்னா கேக்க மாட்டார்."

அப்போதுதான் சபை சிரித்தது. ராஜா ஓலையில் முத்திரை குத்தியே கொடுத்தார். அதன் மேல் ஒரு பொற்கிழியும் கொடுத்தார். ஏழு நாளும் ஏகாம்பரம் சோறு வேண்டும் என்பதைக்கூடக் கையால்தான் கேட்டார்.

விழாவன்று ராயர் தந்தியை இறக்கிக்கொண்டு குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். ஏகாம்பரம் தன் சுருதியில் தொடங்கி, அவசரமில்லாமல் படிப்படியாக ஏறி, மேல் பஞ்சமத்தில் போய் நின்றார். அங்கே கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, ஒரு பிசிறு இல்லாமல் இறங்கி வந்தார். செங்கமலம் அன்றைக்கு வீட்டுக்குப் போய், பதினைந்து நாளில் முதல் தடவையாக, இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். இந்தக் கதை கேட்ட வீட்டிலும் எல்லாருக்கும் அப்படிப் பசி எடுக்கட்டும்.