கூவைப்பதி எழுந்திருக்கவில்லை

கூவைப்பதியில் செம்பனை "சார்" என்று கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டது அவனுடைய சொந்தச் சித்தி. சின்ன வயதில் அவனுக்குச் சோறு ஊட்டியவள். "வாங்க சார், உட்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அதிகாரிகள் வந்தால் போடுவதற்கென்று வைத்திருக்கும் நாற்காலி அது. பதினொரு வீட்டு ஆட்களும் சுற்றி நின்றார்கள். அவன் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான்.

"சித்தி, நான் செம்பன்."

"தெரியும் சார். டீ குடிக்கிறீங்களா?"

குடித்தான். வேறு என்ன செய்வது? டம்ளரை வைத்துவிட்டு மலையிறங்கி நேராக நஞ்சி வீட்டுக்குப் போனான்.

நடந்தது இதுதான். அந்த மலையில் ஏழு பதிகள். பதி என்றால் மலைவாசிகளின் குடியிருப்பு. காட்டுக்குள் யார் வரலாம், தேன் எங்கே எடுப்பது, கிழங்கு எங்கே தோண்டுவது, செத்தவர்களை எங்கே புதைப்பது, இதையெல்லாம் பதிக்காரர்களே முடிவு செய்யலாம் என்று அரசாங்கம் ஒப்பந்தம் எழுதித் தர வந்தது. மூன்று தலைமுறையாக அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது அது. ஏழு பதிக்கும் சேர்த்து ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் நஞ்சிதான் சொல் கொண்டு போனாள். கீழே அதிகாரிகள் சொன்னதை மேலே வந்து அப்படியே சொல்வாள். மேலே பதிக்காரர்கள் சொன்னதைக் கீழே போய் அப்படியே சொல்வாள். ஒரு சொல் கூட்டமாட்டாள். ஆனால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. காகிதம் நாற்பது பக்கமானதும் அவளே பதிகளிடம் பேசி, பன்னிரண்டாவது வரை படித்த செம்பனைத் தன் இடத்தில் வைத்தாள். அவனைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். இரண்டு வருடம் கூடவே கூட்டிக்கொண்டு நடந்து வேலையைச் சொல்லிக் கொடுத்தாள். அவன் சீக்கிரம் கற்றுக்கொண்டான். எல்லாவற்றையும் சீக்கிரமாகத்தான் செய்வான். கோளாறு அங்கேதான்.

கடைசியாக வந்த காகிதத்தில் ஆற்றின் மேற்குக் கரையைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். கூவைப்பதிக்காரர்கள் தேன் எடுக்கும் பாறை அங்கேதான் இருக்கிறது. அவர்களுடைய செத்தவர்கள் அந்தப் பாறைக்குக் கீழேதான் கிடக்கிறார்கள். மற்ற ஆறு பதிக்கும் அந்தக் கரையில் ஒன்றும் இல்லை. அதை மட்டும் விட்டுக்கொடுத்தால் இந்த மாதமே முடித்துவிடலாம், இல்லையென்றால் எப்போது என்று தெரியாது என்று அதிகாரிகள் சொன்னார்கள். செம்பனுக்கு அது நியாயமாகப்பட்டது. யாருக்கும் படும்.

ஏழு பதியும் கூடின. அங்கே ஒரு வழக்கம் உண்டு. சொல் சுமந்து நடந்து வந்தவன் முகத்தைப் பார்த்து யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சம்மதம் என்றால் எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போவார்கள். சம்மதம் இல்லையென்றால் உட்கார்ந்தே இருப்பார்கள். கடைசி ஆள் எழுந்தால்தான் கூட்டம் முடிந்தது. சில கூட்டம் மூன்று நாள்கூட நடந்திருக்கிறது. செம்பன் இதைப் பார்த்தே வளர்ந்தவன்.

அவன் வாசித்து முடித்தான். ஆறு பதி ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பிறகு மழை வந்தது. கூவைப்பதிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செம்பன் காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினான்.

ஜீப்பில் இருந்த அதிகாரி, யாராவது எதிர்த்தார்களா என்று கேட்டார். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை என்றான் செம்பன். பொய் இல்லை. ஜீப்புக்குள்ளேயே கையெழுத்துப் போட்டான்.

இப்போது நஞ்சி தன் வீட்டுக்கு முன்னால் துடைப்பத்துக்கான சீமாறுப் புல்லைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். செம்பன் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். ஏழாவதற்காகக் காத்திருந்தால் ஏழுக்குமே கிடைத்திருக்காது என்றான். நல்லது செய்தவனை நாற்காலியில் உட்கார வைத்து அவமானப்படுத்துகிறார்கள் என்றான். அவள் கட்டிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, நான் செஞ்சது தப்பா?"

நஞ்சி புல்லை ஓரமாக வைத்தாள். அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவனும் உட்கார்ந்தான்.

"ஆறு பதிக்குக் கிடைச்சிருக்கில்ல? அது தப்பா?"

அவள் கையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

"நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அதற்கும் பேசவில்லை. ஒரு நாய் வந்து இரண்டு பேரையும் மோந்து பார்த்துவிட்டுப் போனது. செம்பனுக்கு அவ்வளவு நேரம் சும்மா இருந்து பழக்கமில்லை.

"சரி. நீயும் தப்புன்னு சொல்லல. அப்ப தப்பில்ல."

எழுந்தான். பேன்ட்டைத் தட்டிவிட்டு நாலடி நடந்தான். திரும்பிப் பார்த்தான்.

நஞ்சி உட்கார்ந்தே இருந்தாள்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு வந்து உட்கார்ந்தான்.

"அன்னைக்குப் பார்த்தேன் அக்கா. அவங்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்."

"தெரியும்."

"நீ கூட்டத்துக்கே வரலையே. உனக்கு எப்படித் தெரியும்?"

"மழைக்கு ஓடுறவன் மரத்தடிக்கு ஓடுவான். நீ ஜீப்புக்கு ஓடினே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடட்டுமா என்று கேட்டான்.

"ஆறு பதி எந்திரிச்சு கொடுத்த சொல்லு அதுக்குள்ள இருக்கு. அதைக் கிழிக்க நீ யாரு?"

"அப்ப கூவைப்பதிக்கு நான் என்ன சொல்றது?"

நஞ்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னும் சொல்லணுமாக்கும். நாற்பது பக்கம் வாசிச்சது பத்தலையா?"

"நான் என்னதான் செய்யணும்?"

"போய் அவங்களோட தரையில உட்காரு. காகிதம் கொண்டு போகாதே. எதையும் விளக்காதே. மன்னிப்பும் கேட்காதே. கேட்டா, பாவம் பையன்னு சரின்னுடுவாங்க. சும்மா உட்காரு. கடைசி ஆள் எந்திரிச்ச பிறகு நீ எந்திரி."

"அவங்க எந்திரிக்கவே இல்லைன்னா?"

"அப்ப அதைத்தான் கீழ போய்ச் சொல்லணும். ஏழு பதியில ஒண்ணு இன்னும் உட்கார்ந்திருக்குன்னு. அதைச் சொல்லத்தான் உன்னை அனுப்பினது."

செம்பன் தலையாட்டினான். விடிந்ததும் போகிறேன் என்றான். நிஜமாகத்தான் சொன்னான்.

காலையில் ஜீப் வந்தது. எல்லைக் கல் நடப் போகிறோம், இடம் காட்ட வா என்றார்கள். கூட இருந்தால் நாலு கல்லையாவது ஆற்றைத் தாண்டி மேற்கே தள்ளி நட வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு ஏறினான். ஒன்பது நாள் நட்டார்கள். ஒரு கல்கூட ஆற்றைத் தாண்டவில்லை. அப்புறம் விழா வைத்தார்கள். மாலை போட்டார்கள். கூவைப்பதியிலிருந்து யாரும் வரவில்லை.

மேற்குக் கரையை விட்டது பற்றி மூன்று மனு எழுதினான். நல்ல மனுக்கள். ஒரு தடவை கூவைப்பதிக்குக் கீழே ஓடை வரைக்கும் போனான். மேலே சித்தி யாரையோ செல்லமாகத் திட்டிக்கொண்டிருந்தது கேட்டது. நின்று கேட்டான். திரும்பி வந்துவிட்டான்.

போய் உட்காரு என்றுதான் நஞ்சி சொல்லியிருந்தாள். அதை மட்டும் அவன் செய்யவில்லை.