பின் சீட்டின் எடை

"கோணமெல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க மாஸ்டர். அப்புறம் ஏன் வண்டி உதறுது?"

இதைக் கேட்கச் செங்கோடன் சங்ககிரிக்கு வந்தபோது, அவன் மனைவி பாவாயிக்குக் கருமாதி முடிந்திருந்தது.

முன்பே வந்திருக்கலாம். இங்கே ஜமால் மாஸ்டரின் பட்டறையில் தொழில் கற்றவன், தனிப் பட்டறை போட்ட பிறகு போய் நின்றால் மதிப்புக் குறையும் என்று இருந்துவிட்டான். வெறும் வீம்பு.

பழைய காரில் வேறு இன்ஜினை ஏற்றி அவனே கட்டிய வண்டி அது. முதுகெலும்பு கெட்டு, எங்கே போவதானாலும் அவன் ஏந்தித் தூக்க வேண்டியிருந்த பாவாயியால் பஸ்ஸில் போக முடியாது. பின் சீட்டில் உட்கார வைத்து, மேட்டூரில் அவள் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தான். ஓட்டிப் பார்த்தால் வண்டி உதறியது. உதறலை எடுத்துவிட்டுப் போகலாம் என்றான். அவளும் நாளுக்கு நாள் இளைத்தபடி நம்பிக் காத்திருந்தாள், பாவம்.

எப்படி அளந்தாய் என்று மாஸ்டர் கேட்டார்.

வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, இன்ஜின் சாய்வையும் பின் அச்சின் சாய்வையும் கோணம் காட்டும் மீட்டர் வைத்து அளந்ததாகச் சொன்னான். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் இடையில் சுழலும் தண்டு உதறும்; ஆனால் இம்மி பிசகாமல் பொருந்தின. உதறியபோதெல்லாம் மறுபடி தூக்கினான், மறுபடி அளந்தான். எப்போதும் சரியாகவே இருந்தது. சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"சக்கரம் தரையில நின்னுச்சா?"

"இல்லீங்க. தொங்கிட்டிருந்துச்சு."

"அந்தரத்துல அளந்திருக்கே."

மாஸ்டர் அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வண்டியைத் தரையில் நிறுத்தி, மீட்டரை அவன் கையிலேயே கொடுத்தார். வண்டியின் பாரத்தில் ஸ்பிரிங் அமுங்கி, பின் அச்சின் சாய்வு மாறியிருந்தது. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு ஆப்பு வைத்தால் தீர்ந்துவிடும் கோளாறு. அரை நாள் வேலை.

செங்கோடன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"எந்திரி. இன்னும் அளக்கலை. பின்னால உட்கார்ற ஆளோட பாரமும் சேரணும். யாருக்குக் கட்டின வண்டி?"

"பாவாயிக்குங்க."

மாஸ்டர் ஒரு சாக்கை எடுத்து மணலை அள்ளிக் கொட்டினார். வாயைக் கட்டாமல் அவன் முன்னால் வைத்தார்.

செங்கோடன் அதை இரண்டு கைகளிலும் ஏந்தித் தூக்கினான்.

"கொஞ்சம் எடுத்துருங்க மாஸ்டர்."

மாஸ்டர் இரண்டு கை மணலை எடுத்தார்.

மறுபடி ஏந்தினான்.

"இன்னும்" என்றான்.