வைக்கோல் முடிச்சு

பூ உதிர்ந்து காய்ந்து நிற்கும் செடியைப் பார்த்து, அது என்ன நிறத்தில் பூத்தது என்று உங்களால் சொல்ல முடியுமா?

சிற்றம்பலம் சாமி, தன்னால் முடியும் என்று நினைத்தார்.

ஐம்பது வயதில் வீட்டைவிட்டு வந்து, மலைமேல் நாச்சாளிடம் சீடராகச் சேர்ந்தவர் அவர். நாச்சாளுக்கு இருபத்தெட்டு வயது. இடுப்பில் பிள்ளை, கையில் கடப்பாரை. தன்னை ஒருவர் குரு என்று கூப்பிட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

"தாயே, மூணு வருஷமாச்சு. ஒரு உபதேசம் உண்டா? எது நல்லது, எது கெட்டதுன்னு பார்த்த உடனே தெரியணும் எனக்கு."

"கிழங்கு தோண்டுற நாள் வருது சாமி. தோண்டிட்டுப் பேசுவோம்."

அந்த மலைப் புல்வெளியில் இளவேனில் வந்தால் நீலப் பூ மண்டிக்கிடக்கும். நடுநடுவே வெள்ளைப் பூவும் இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்.

நீலத்தின் கிழங்கைக் குழியில் போட்டு, சுட்ட கல் அடுக்கி, மண் மூடி இரண்டு நாள் வேகவிட்டால் வெல்லம் தோற்றுப்போகும். காயவைத்து இடித்தால் மாவு. பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி. நாற்பது பேருக்கு மழைக்காலம் முழுக்க அதுதான் சோறு.

வெள்ளையின் கிழங்கைத் தின்றவர் மறுநாள் எழுந்ததில்லை.

மண்ணுக்குள்ளே இரண்டும் ஒரே அளவு, ஒரே தோல்.

ஊரே கீழே திருவிழாவுக்குப் போயிருந்த பத்து நாளில், இதுவரை தோண்டப் போனதே இல்லாத சாமி தனியாளாகக் கிழங்கு முழுவதையும் தோண்டி, குழி வெட்டி, வேகவைத்துவிட்டார். திரும்பி வந்தவர்களுக்கு வாசனை பாதி வழியிலேயே தெரிந்தது.

"அடடே, சாமிக்கு முதுகு இருக்கா, போச்சா?" என்று கேலி பேசிக்கொண்டே எல்லாரும் இலையோடு உட்கார்ந்தார்கள்.

நாச்சாளும் சிரித்தபடி வந்தாள்.

"முடிச்சு இருந்த செடியை எல்லாம் விட்டுட்டுத்தானே தோண்டினீங்க சாமி?"

"எந்த முடிச்சு? ஓ, அந்த வைக்கோலா! புல்வெளி முழுக்கக் குப்பையா இருந்துச்சு தாயே. முதல் வேலையா எல்லாத்தையும் அவுத்துக் குழியில போட்டுத்தான் தீ மூட்டினேன்."

ஒருத்தி தன் பிள்ளையின் இலையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

வெள்ளைப் பூ பூத்திருக்கும்போதே அதன் தண்டில் ஒரு வைக்கோல் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பூ போகும். இலை போகும். முடிச்சு இருக்கும்.

விஷயம் சாமிக்குத் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"வெள்ளை கொஞ்சம்தானே தாயே இருக்கும்? நூத்துக்கு ரெண்டோ மூணோ. பொறுக்கி எடுத்துடலாம். தோண்டினவன் நான். பார்த்தா எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும்."

நாச்சாள் குழிக்குள் கைவிட்டு ஒரு கிழங்கை எடுத்தாள். ஊதி ஆற்றினாள். அவர் கையில் வைத்தாள்.

பிறகு தன் பெண்ணை இடுப்பிலிருந்து இறக்கி அவர் மடியில் உட்காரவைத்தாள்.

"முதல் கிழங்கு ஊரிலேயே சின்னப் பிள்ளைக்கு. தோண்டினவங்கதான் ஊட்டணும். எங்க வழக்கம்."

"தாயே!"

"ஊட்டுங்க சாமி."

குழந்தை செம்பிக்கு இரண்டு வயது. பசி. கிழங்கைப் பார்த்ததும் வாயை ஆவென்று திறந்தது.

சாமி கிழங்கைத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார்.

மறுபடியும் முகர்ந்தார்.

"தா," என்றது குழந்தை. கையை நீட்டியது.

அவர் கிழங்கைக் குழிக்குள் வீசியெறிந்தார். குழந்தையைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்தார்.

குழியை அவரேதான் மூடினார். முழுக் குழியும். நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கீழே போய்க் கேழ்வரகு கேட்கணும்," என்றாள் நாச்சாள். "வாங்க எல்லாரும், இருட்டுறதுக்குள்ள."

சாமி அசையவில்லை.

"தாயே, அந்த முடிச்சை எப்போ போட்டீங்க? நான் பார்க்கவே இல்லையே."

"சித்திரையில. மூணு வருஷமும் உங்க பக்கத்துலதான் உட்கார்ந்து போட்டேன். நீங்க கண்ணை மூடித் தியானத்துல இருந்தீங்க. பாவம், எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

சாமி மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அடுத்த தடவை பூ வந்ததும் என்னை எழுப்பிவிடும்மா."